ஐயத்துக்கு அரை ஆண்டு

கி.பி. 536இல் சூரியன் ஓராண்டு முழுவதும் ஒளி குன்றிக் கிடந்த செய்தியைப் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதி வைத்திருக்கிறார். இத்தாலியில் அரசு உயர் பதவியில் இருந்த காசியோடோரஸ், வெயில் அடித்தும் வெம்மை இல்லாத கோடையைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். வட ஐரோப்பிய மரங்களின் ஆண்டு வளையங்கள் அந்த ஆண்டில் மெலிந்து போயிருக்கின்றன. எங்கோ ஓர் எரிமலை வெடித்து வானத்துக்குத் திரையிட்டிருக்க வேண்டும் என்ற ஊகம் நெடுநாளாகவே உண்டு. அதை மெய்ப்பிக்கத் துருவப் பனியைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். எரிமலை உமிழும் கந்தகம் காற்றில் துருவம் வரை போய்ப் பனியோடு பனியாக விழுந்து, அழியாமல் அங்கேயே கிடக்கும். கிரீன்லாந்துப் பனியில் தேடினார்கள். 536இல் ஒன்றும் இல்லை. 529ஐ ஒட்டி ஒரு கந்தகத் தடம் கிடைத்தது. 533, 534ஐ ஒட்டி இன்னொன்று கிடைத்தது. சாட்சி கூண்டேறினார், தேதியை மட்டும் மாற்றிச் சொன்னார்.

2008இல் இந்தத் தடங்களை ஆராய்ந்த கோபன்ஹேகன் குழுவினர், 533–534ஐச் சேர்ந்த தடமே 536இன் இருளுக்குக் காரணம் என்று முடிவு கட்டினார்கள். அவர்களுடைய கணிப்பில் இரண்டாண்டு முன்பின் ஆகலாம் என்ற சலுகை இருந்தது. சற்றே இழுத்துப் பிடித்தால் பொருந்திவிடும். அதே ஆண்டில் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த மரவளைய ஆய்வாளர் மைக் பெய்லி ஒரு சிறு கட்டுரை எழுதினார். எதையும் இழுக்க வேண்டாம். 529ஐ 536 என்றும் 533ஐ 540 என்றும் வாசியுங்கள். மரங்கள் காட்டும் இரண்டு குளிர்ச்சிகளோடும் இரண்டு வெடிப்புகளும் தாமாகவே பொருந்தும். ஏழாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட உங்கள் எண்ணிக்கை முழுவதுமே ஏழாண்டு பிசகியிருக்கிறது. இதுதான் அவர் வாதம்.

இந்த ஏழாண்டு வழக்கைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்குத் துருவப் பனியோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு பிரதியின் காலத்தை எப்படிக் கணிப்பது, கணித்ததை எவ்வளவு உறுதியோடு சொல்வது என்பவை எங்கள் துறையின் தீராத தலைவலிகள். அந்தத் தலைவலியோடு வாசிக்கத் தொடங்கியவன், பனியை எண்ணுகிறவர்கள் எங்களைவிட நேர்மையாகத் தவறு செய்கிறார்கள் என்ற எண்ணத்துக்கு வந்து சேர்ந்தேன். ‘நேர்மையாகத் தவறு செய்வது’ என்று சொன்னதை விளக்க வேண்டும்.

முதலில் பனி எப்படி ஏடாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952 ஜூனில் கோபன்ஹேகனில் விடாமழை பெய்தபோது, வில்லி டான்ஸ்கார்ட் என்ற இளம் இயற்பியலர் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பியர் புட்டியின் வாயில் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்து வைத்தார். நீரிலுள்ள ஆக்சிஜனில் எடை கூடிய அணுக்கள் சில உண்டு. மேகம் குளிரக் குளிர மழையில் அவற்றின் பங்கு குறைவதை அவர் கண்டார். அப்படியானால் பழைய பனியில் அந்தப் பங்கை அளந்தால் பழைய குளிரை அளந்ததாகும். வடமேற்குக் கிரீன்லாந்தில் பனிக்குள் குடைந்து அமெரிக்க ராணுவம் கட்டிய கேம்ப் செஞ்சுரி முகாமில், 1966இல் துளைக்கருவி பனியின் அடித்தளத்தைத் தொட்டது. சுமார் 1,390 மீட்டர் நீளத்துக்குத் துண்டு துண்டாகப் பனிக்கட்டி உருளைகள் மேலே வந்தன. ஆங்கிலத்தில் ‘ஐஸ் கோர்’ என்பதை நான் இங்கே பனித்தண்டு என்று சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தண்டில் தம் மழைக்கணக்கைச் செய்து பார்க்கும் வாய்ப்பு டான்ஸ்கார்டுக்குக் கிடைத்தது. ஒரு பனியூழி முழுவதும் அதில் எழுதப்பட்டிருந்தது.

எழுதப்பட்டிருந்தது சரி, பக்க எண் இல்லை. கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் விழும் பனி மேலே விழுவதன் கனத்தால் இறுகிக் கட்டியாகிறது. கிரீன்லாந்தின் நடுப்பகுதியில் என்கிரிப் என்று அழைக்கப்படும் இடத்தில் ஓராண்டுப் பனி மேல்மட்டத்தில் ஏறக்குறைய 19 செண்டிமீட்டர் கனம். கீழே போகப் போக அழுந்தியும் பக்கவாட்டில் வழிந்தும் ஓரிரு செண்டிமீட்டராக மெலிந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு எல்லை காண உதவுவன பருவங்கள். வசந்தத்தில் புழுதி கூடும். குளிர்காலப் புயல்கள் கடலுப்பைக் கொண்டுவரும். கோடையில் அம்மோனியம் ஏறும். பனித்தண்டிலிருந்து அறுத்தெடுத்த நீண்ட குச்சியைச் சூடான தட்டின் மேல் நிறுத்தி மெல்ல மெல்ல உருக்கி, வழியும் நீரை உடனுக்குடன் அளந்தால் இந்த ஏற்ற இறக்கங்கள் வளைகோடுகளாகக் கிடைக்கும். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை ஓர் ஆண்டு. எண்ண வேண்டியதுதான்.

எண்ணுவது எளிது என்று தோன்றும். ஒரு புயல் மேற்பனியை வாரிக்கொண்டு போய்விட்டால் மேடு காணாமல் போகும். ஒரே வசந்தத்தில் இரண்டு முறை புழுதிக்காற்று வீசினால் ஓராண்டு ஈராண்டாகத் தெரியும். ஓலைச்சுவடி படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. புள்ளி இடாத மெய், குறில் நெடில் வேறுபாடு காட்டாத எகர ஒகரங்கள், காலா ரகரமா என்று கூற முடியாத கோடு. அருகிலுள்ள எழுத்துகளையும் சொல்லையும் சீரையும் வைத்துத்தான் அந்தக் கோடு எது என்று முடிவு செய்கிறோம். நல்ல பதிப்பாசிரியர் தெளிவான இடத்தைத் தெளிவாகவும் ஐயமான இடத்தை ஐயமாகவும் அச்சிடுவார். மற்றவர்கள் எல்லாவற்றையும் தெளிவாகவே அச்சிட்டுவிடுவார்கள்.

பனியை எண்ணியவர்கள் ஐயத்தை அச்சிட்டார்கள். டென்மார்க் ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கிய, ‘ஜி.ஐ.சி.சி.05’ என்று சுருக்கமாக வழங்கும் கிரீன்லாந்துக் காலவரிசை, ஆண்டாண்டாக எண்ணி 60,000 ஆண்டு வரை பின்னோக்கிச் சென்றது. அதில் ஒரு விதி உண்டு. ஆண்டா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத அடுக்கை முழு ஆண்டாகவும் கொள்வதில்லை, தள்ளியும் விடுவதில்லை. அரை ஆண்டு என்று கணக்கில் சேர்த்து, அதன் பக்கத்தில் அரை ஆண்டு பிழை என்றும் குறித்துவிடுவார்கள். அரை ± அரை. இந்த அரைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் அடிவரை உள்ள பிழை எல்லை கிடைக்கும். 60,000 ஆண்டில் அது ஏறத்தாழ 2,600 ஆண்டு. நாம் வாழும் ஹோலோசீன் காலத்தின் தொடக்க எல்லைக்கல் என்று 2008இல் உலகப் புவியியலாளர்கள் ஏற்றுக்கொண்டதும் என்கிரிப் தண்டில் 1,492.45 மீட்டர் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியைத்தான். அதன் வயது, கி.பி. 2000இலிருந்து பின்னோக்கி எண்ண 11,700 ஆண்டு. பிழை 99 ஆண்டு. நூறு என்று முழுதாக்காமல் 99 என்று விட்டார்களே, அதற்காகவே அவர்கள்மேல் எனக்கு ஒரு பிரியம்.

தெரியாததற்கு அளவு குறித்து எழுதும் அந்த அரை ஆண்டு விதியை முதன்முதல் படித்தபோது அழகான ஓர் ஒழுக்கம் என்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் ஏழாண்டு வழக்கு அந்த ஒழுக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருந்த ஓட்டையைக் காட்டிவிட்டது.

ஐயமான அடுக்குகளில் பாதி உண்மை ஆண்டுகள், பாதி போலிகள் என்பது அந்த விதியின் உட்கிடை. பல ஐயங்கள் சேரும்போது ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தால் இன்னொன்று அந்தப் பக்கம் சாயும், மொத்தத்தில் சமனாகும் என்பது நம்பிக்கை. ஒவ்வோர் ஐயமும் மற்றொன்றைச் சாராமல் இருந்தால் அது சரிதான். எண்ணுபவர் பலராகவே இருந்தாலும் அவர்கள் ஒரே பள்ளியில் பயின்ற கண்கள். இரட்டை மேட்டை இரண்டு ஆண்டாக வாசிக்கும் பழக்கம் அந்தப் பள்ளிக்கு இருந்துவிட்டால், பிழைகள் ஒன்றையொன்று அழிப்பதில்லை. எல்லாம் ஒரே பக்கமாகக் குவிகின்றன. அதைவிட மோசம், தெளிவானது என்று முழு ஆண்டாக எண்ணப்பட்டதில் போலி இருந்தால் அது பிழை எல்லைக்குள் வரவே வராது. ஐயப்பட்டதற்குத்தானே அரை ஆண்டு உண்டு?

இந்தப் பிசகைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டிய ஒரு சாட்சியும் இருந்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்துப் பொம்பெயைப் புதைத்தது வரலாற்றில் ஐயத்துக்கு இடமில்லாத ஆண்டு. எண்ணிக்கையில் 79ஐ ஒட்டி ஓர் அமிலத் தடம் வந்தது. அது வெசூவியஸ்தான் என்று கொண்டு அந்த இடத்தில் காலவரிசையை நங்கூரமிட்டார்கள். 2013இல் அந்த அடுக்கிலிருந்து நுண்ணிய எரிமலைக் கண்ணாடித் துகள்களை எடுத்து, வெசூவியஸோடு ஒத்துப்போவதாகக் கட்டுரையும் வந்தது. நங்கூரம் பிடித்துவிட்ட பிறகு கணக்கு கூடிப்போயிருக்கும் என்று யார் ஐயப்படுவார்கள்? 2022இல் கில் பிளங்கெட் முதலானோர் துகள்களின் வேதியியலை மறுபடி ஆராய்ந்து, அவை வெசூவியஸுடையவை அல்ல என்று காட்டினார்கள். வேறு ஏதோ ஒரு வெடிப்பின் தடம், தவறான எண்ணிக்கையோடு தற்செயலாகப் பொருந்தி நின்று, அந்த எண்ணிக்கைக்கு நற்சான்று வழங்கியிருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கயவாகுவை இலங்கையின் இரண்டாம் நூற்றாண்டு மன்னன் கஜபாகுவாகக் கொண்டு அந்த ஓர் ஆணியில் சங்க காலம் முழுவதையும் தொங்கவிட்ட நம் இலக்கிய வரலாறு எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த ஆணி உறுதியானதா என்பது வேறு விவாதம். அதில் மாட்டியவர்களில் எத்தனை பேர் பிழை எல்லை குறித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

வழக்கைத் தீர்த்தது வேறு ஒரு சாட்சி. ஜப்பானிய ஆய்வாளர் ஃபூசா மியாக்கே, பழைய தேவதாரு மரங்களின் வளையங்களில் கார்பன்-14 அளவு கி.பி. 774க்கும் 775க்கும் இடையே திடீரென்று எகிறியிருப்பதை 2012இல் வெளியிட்டார். சூரியனிலிருந்து பெரும் துகள்மழை ஒன்று பூமியைத் தாக்கியதே காரணம் என்று இன்று கருதுகிறார்கள். அதே துகள்மழை வளிமண்டலத்தில் பெரிலியம்-10 என்ற அணுவையும் உண்டாக்கும். அது பனியில் விழும். ஒரே நிகழ்வு மரத்திலும் பனியிலும் ஒரே சமயத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். மரவளையத்தில் ஆண்டுக் குழப்பம் கிடையாது. மைக்கேல் சிகல் தலைமையிலான பன்னாட்டுக் குழு கிரீன்லாந்து, அண்டார்க்டிகா தண்டுகளில் அந்தப் பெரிலியம் மேட்டைத் தேடிக் கண்டுபிடித்தது. கிரீன்லாந்துக் காலவரிசைப்படி அது ஏழாண்டு முன்னதாக இருந்தது. 2015இல் ‘நேச்சர்’ இதழில் திருத்தம் வெளியாயிற்று. பெய்லி ஏழாண்டுக்கு முன் கேட்ட ஏழாண்டை இப்போது சூரியனே பெற்றுத் தந்துவிட்டது.

அந்த 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கண்ணால் எண்ணுவதோடு இன்னொரு முறையும் கைகொடுத்தது. கோபன்ஹேகனில் மாய் வின்ஸ்டிரப் முதலானோர் 2012இல் வெளியிட்ட புள்ளியியல் முறை அது. மறைநிலை மார்க்கோவ் மாதிரி என்ற கணிதத்தின்மேல் கட்டப்பட்டது. பேச்சொலியைக் கணினிக்குப் புரியவைக்க வளர்த்தெடுக்கப்பட்ட கணிதம். அதன் வேரோ ஒரு காவியத்தில் இருக்கிறது. இலக்கிய வாசகர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

ஆந்திரேய் மார்க்கோவ் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் கணிதப் பேராசிரியர். முன்கோபி. டால்ஸ்டாயைத் திருச்சபை விலக்கியதைக் கண்டித்து, என்னையும் விலக்குங்கள் என்று 1912இல் திருச்சபைக்கு மனுப் போட்டவர். மாஸ்கோவின் நெக்ராசோவ் என்ற கணிதர், ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளுக்குத்தான் பேரெண் விதி பொருந்தும் என்றும், மனிதச் செயல்களில் அந்த விதி தென்படுவதால் மனித விருப்பம் சுதந்திரமானது என்றும் வாதிட்டார். மார்க்கோவுக்கு இது பொறுக்கவில்லை. சார்ந்து நிற்கும் நிகழ்வுகளுக்கும் அந்த விதி பொருந்தும் என்று நிறுவினார். அதற்கு 1913இல் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’. முதல் இயல் முழுவதும், இரண்டாம் இயலில் பதினாறு செய்யுள்கள். மொத்தம் 20,000 எழுத்துகளை உயிர், மெய் என்று கையால் எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. ஓர் உயிரை அடுத்து மறுபடி உயிர் வருவது நூற்றுக்குப் பதின்மூன்று முறைதான். மெய்யை அடுத்து உயிர் வருவது அறுபத்தாறு முறை. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம், வரக்கூடாது என்று தொல்காப்பியர் நூன்மரபில் வகுத்த மெய்ம்மயக்கமும் இப்படி அடுத்தடுத்த நிலையைப் பற்றியதுதான். அவர் வருமா வராதா என்று விதித்தார். மார்க்கோவ் எத்தனைக்கு எத்தனை என்று எண்ணினார்.

இந்தச் சங்கிலிக் கணிதத்தில் பின்வந்தவர்கள் ஒரு திரையைச் சேர்த்தார்கள். சங்கிலி நம் கண்ணுக்குத் தெரியாது; அது எழுப்பும் ஒலி மட்டும் காதில் விழும்; ஒலியைக் கொண்டு சங்கிலியை ஊகிக்க வேண்டும். பனியில் சங்கிலி என்பது ஆண்டுகளின் வரிசை. புழுதி, உப்பு, அம்மோனியம் ஆகியவற்றின் வளைகோடுகள் ஒலி. ஓர் ஆண்டு பொதுவாக என்ன வடிவில் இருக்கும், அதன் கனம் எவ்வளவு, அந்தக் கனம் எந்த அளவுக்கு மாறும் என்பதை மாதிரி முதலில் கற்றுக்கொள்கிறது. பத்து செண்டிமீட்டர் அடுக்குகளுக்கு நடுவே மூன்று செண்டிமீட்டரில் ஒரு மேடு தென்பட்டால் அதற்குக் குறைந்த வாய்ப்புத் தரும், அடியோடு தள்ளிவிடாது. முக்கியமானது, ஒவ்வோர் ஐயத்தையும் தனித்தனியே தீர்க்காமல் அந்தப் பகுதியின் எல்லாப் பிரிப்புகளையும் ஒருசேர எடைபோடுவது. எடுத்துக்காட்டுக்குச் சொன்னால், இந்தப் பகுதியில் 96 ஆண்டு இருக்க இவ்வளவு வாய்ப்பு, 97 இருக்க இவ்வளவு, 98 இருக்க இவ்வளவு என்று பதில் வரும். எல்லா ஐயத்துக்கும் ஒரே அரை என்றிருந்த இடத்தில் ஒவ்வோர் ஐயத்துக்கும் அதனதன் எடை வந்துவிட்டது. பிழை எல்லை எண்ணுபவரின் மனநிலையிலிருந்து வராமல் தரவிலிருந்து வருகிறது.

இந்த மாதிரிக்கு வெசூவியஸ் தெரியாது, சீசர் தெரியாது, 536இல் சூரியன் மங்கியதும் தெரியாது. எந்த ஆண்டில் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை அதற்கு இல்லை. அதனுடைய பெரிய தகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் கணினி எண்ணினால் தவறே வராது என்று கிளம்பும் உற்சாகத்தில் நான் சேர மாட்டேன். ஓர் ஆண்டின் வடிவம் எப்படி இருக்கும் என்று அதற்குத் தொடக்கத்தில் காட்டிக்கொடுப்பது மனிதர் எண்ணிவைத்த பகுதி. கோடைதோறும் இரட்டை மேடு காட்டும் பனியை ஒற்றை மேட்டு ஆண்டாகப் பழக்கிவிட்டால் அதுவும் மிக நிதானமாக, மிகக் குறுகிய பிழை எல்லையோடு தவறாக எண்ணும். ஏழாண்டு வழக்கில் கடைசித் தீர்ப்பு பெரிலியத்திடமிருந்து வந்ததை மறக்கக்கூடாது. பனிக்கு வெளியே, எண்ணுபவர்களின் பள்ளிக்கும் வெளியே நின்ற சாட்சி அது. கிரீன்லாந்தின் கடைசி 3,800 ஆண்டுகளை மறுபடி எண்ணி 2022இல் வெளியிட்டவர்கள், கணினி தந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாலும் சரிபார்த்தார்கள். இப்போதைக்கு அதுதான் நல்ல முறையாகப் படுகிறது.

ஏழாண்டு என்ன பெரிய தொகை என்று தோன்றலாம். அதை நகர்த்தியவுடன் முதலாயிரத்தாண்டின் வெடிப்புகளும் மரங்கள் காட்டும் குளிர்ச்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று வந்து பொருந்தின. அதற்கு முன்வரை, அந்தக் காலத்துப் பெரிய எரிமலைகள் பூமியைக் குளிர்விக்கவில்லை போலும் என்றுகூடத் தோன்றிக்கொண்டிருந்தது. 536, 540 என்ற இரட்டை அடி தெளிவாயிற்று. சீசர் கொல்லப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, கி.மு. 43இன் தொடக்கத்தில், அலாஸ்காவின் ஒக்மோக் எரிமலை வெடித்ததை 2020இல் ஜோசப் மெக்கானல் குழு பனியிலிருந்து வாசித்தது. உரோமக் குடியரசு உள்நாட்டுப் போரில் சரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகள் கடுங்குளிர் ஆண்டுகளாகவும் இருந்திருக்கின்றன. தாலமி மன்னர் காலத்து எகிப்தில் வெடிப்புகளைத் தொடர்ந்து நைல் வெள்ளம் குன்றியதையும் கலகங்கள் மூண்டதையும் இணைத்து 2017இல் வந்த ஆய்வு, ஆண்டு துல்லியம் இல்லாமல் சாத்தியமே ஆகியிருக்காது. கலகம் முந்தியதா வெடிப்பு முந்தியதா என்று தெரியாமல் காரணகாரியம் பேச முடியாது. பேரரசின் வீழ்ச்சியையே ஓர் எரிமலையின் தலையில் கட்டிவிடும் வரலாற்று எழுத்தும் இதனோடு கூடவே பெருகியிருக்கிறது என்பது வேறு சங்கடம்.

கல்லூரி ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சிரித்தார். “அறிவியல்காரர்களே ஏழு வருஷம் தப்பாக எண்ணியிருக்கிறார்கள். நாம் இருநூறு வருஷம் முன்பின் சொன்னால் மட்டும் குற்றமா?” என்றார். குற்றம் இல்லைதான். அவர்கள் எண்ணிய ஒவ்வோர் அடுக்கும், ஐயப்பட்ட ஒவ்வோர் அரையும் பட்டியலில் இருந்தன. அதனால்தான் வெளியிலிருந்து ஒரு மரவளைய ஆய்வாளர் எந்த இடத்திலிருந்து பிசகு தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. நம் இருநூறு ஆண்டை எங்கே தொட்டு மறுப்பது? இரண்டாம் நூற்றாண்டு என்று ஒருவர் எழுதுவார், ஐந்து என்று இன்னொருவர் எழுதுவார், இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு ± இருக்காது. இதைச் சொன்னதும் நண்பர் பேச்சைத் தேர்வுத்தாள் பக்கம் திருப்பிவிட்டார்.

கிரீன்லாந்தை விட்டு அண்டார்க்டிகாவின் உள்நாட்டுக்குப் போனால் எண்ணுவது என்ற பேச்சே எடுபடாது. டோம் சி என்ற மேட்டில் ஆண்டுக்கு மூன்று செண்டிமீட்டர் பனிக்கட்டிகூடச் சேர்வதில்லை, அது பாலைவனம். அங்கே எப்பிக்கா திட்டத்தார் எடுத்த தண்டு 8 லட்சம் ஆண்டு பின்னோக்கிப் போகிறது. அதன் வயதைக் கணிப்பது வேறு வகைப் புள்ளியியல். பனி எப்படிச் சேர்ந்து எப்படி வழிந்திருக்கும் என்ற இயற்பியல் மாதிரி ஒரு முதல் ஊகத்தைத் தரும். எரிமலைத் தடங்கள், பெரிலியம், சிறைப்பட்ட காற்றில் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள், பிற தண்டுகளின் மீத்தேன் ஏற்ற இறக்கங்கள் என்று சாட்சிகள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு சாட்சிக்கும் அதனதன் நம்பகத்துக்கு ஏற்ற எடை கொடுத்து முதல் ஊகத்தை வளைத்துக்கொண்டே போவது பேயஸ் வழி. 2012ஆம் ஆண்டின் காலவரிசையில் சராசரியாக 1,700 ஆண்டாக இருந்த நிச்சயமின்மை, 2023இல் வெளிவந்த புதிய காலவரிசையில் 900 ஆண்டாகக் குறைந்திருக்கிறது.

பொதுமேடை அரசியலிலும் இந்த ± ஒரு முறை தலைகாட்டியது. பனியில் அடைபட்ட காற்று, தன்னைச் சூழ்ந்த பனியைவிட இளையது. மேற்பனி பல பத்து மீட்டர் ஆழத்தில் இறுகும் வரை காற்று உள்ளே போய்வந்துகொண்டே இருப்பதால் வரும் வேறுபாடு இது. பனிவிழ்ச்சி அருகிய இடங்களில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவும் ஆகும். வெப்பத்தைப் பனி சொல்கிறது, கரியமில வாயுவைக் காற்று சொல்கிறது. இரண்டு கடிகாரங்களையும் சரியாக இணைக்காவிட்டால் எது முந்தியது என்று கூற முடியாது. சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பனியூழி முடிவில் கரியமில வாயு 800 ± 200 ஆண்டு பிந்தியது என்று 2003இல் வந்த ஆய்வை, புவி வெப்பமாதலுக்கும் கரியமில வாயுவுக்கும் தொடர்பே இல்லை என்பதற்குச் சான்றாக மேடைதோறும் சுமந்து திரிந்தார்கள். தொடங்கிவைத்தது வேறொன்றாக இருந்தாலும் வாயு அந்த வெப்பத்தைப் பெருக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. 2013இல் ஃபிரெடெரிக் பரெனின் குழு, காற்று எந்த ஆழத்தில் அடைபட்டது என்பதை நைட்ரஜன் அணுக்களைக் கொண்டு மறுபடி கணித்தபோது, கடைசிப் பனியூழியின் முடிவில் இரண்டும் ஏறக்குறைய உடன்நிகழ்ந்தன என்று தெரிந்தது. மேடையில் இருந்தவர்கள் பழைய 800ஐக் கீழே வைத்ததாகத் தெரியவில்லை. ± 200 அவர்கள் கையில் எப்போதுமே இருந்ததில்லை.

2025 ஜனவரியில் டோம் சிக்கு அருகே லிட்டில் டோம் சி என்ற இடத்தில் ஐரோப்பியக் குழு 2,800 மீட்டர் துளைத்து அடிப்பாறையை எட்டியது. குறைந்தது 12 லட்சம் ஆண்டுப் பனி கிடைத்திருப்பதாக அறிவித்தார்கள். அதன் ஆழமான பகுதியில் ஒரு மீட்டர் நீளத்தில் 13,000 ஆண்டு வரை நெருங்கிக் கிடக்கிறதாம். ஹோலோசீன் முழுவதையும் ஒரு முழக்கோலுக்குள் மடித்து வைத்தது போல. அந்த ஆண்டிலேயே கேம்பிரிட்ஜில் உருக்கி அளக்கத் தொடங்கினார்கள். உருகியது நீராகிப் போய்விடும், எண்கள்தான் மிஞ்சும். பனித்தண்டு ஆய்வில் ஒரு வழக்கம் உண்டு. தண்டை நெடுக அறுத்துப் பங்கிடும்போது ஒரு பங்கை அளக்காமல், உருக்காமல், குளிரிலேயே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். எப்பிக்கா தண்டின் ஒதுக்கிய பங்குகள் டோம் சியிலேயே, பனிக்குள் குடைந்த ஒரு குகையில் இருக்கின்றன. பின்னால் வருகிற யாராவது மறுபடி வாசித்துப் பார்ப்பதற்காக.